பாய் விரிக்க முன் நீந்தப் பழக்குங்கள்: புலம்பெயர்ந்த களுவாஞ்சிக்குடிப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்



ஜேர்மனியிலும் சுவிஸிலும் பிரான்சிலும் லண்டனிலும் இருந்துகொண்டு, அடுத்த ஓகஸ்ட் விடுமுறைக்குக் களுவாஞ்சிக்குடியில் ஒரு பாய்மரத் திருவிழா நடத்துவோம் என்று சல்லி சேர்க்கத் தொடங்கியிருக்கிற உங்கள் எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்குப் பாடம் சொல்லித்தந்த டீச்சர் நான். மற்றவர்களுக்கு அம்மாவின் சிநேகிதி, இல்லையென்றால் பக்கத்து வளவுக்காரி. அந்த உரிமையில் கொஞ்சம் கடுமையாகவும் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சேர்த்த சல்லியை இப்போதைக்கு ஊருக்கு அனுப்பாதீர்கள். இந்த மடலை முழுக்க வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

இந்த யோசனை எங்கே பிறந்தது என்று எனக்குத் தெரியும். யூன் மாதக் கடைசியில் வடஜேர்மனியின் கீல் நகரத்தில், அங்கத்தைய பாய்ப்படகு விழாவின்போது, குடாவின் கரையோர நடைபாதையில், மீன் வைத்த பாணைக் கையில் பிடித்துக்கொண்டு நாம் நின்றபோது பிறந்தது. டோட்மண்டில் தங்கச்சி வீட்டுக்கு நான் வந்திருப்பதைக் கேள்விப்பட்டு, டீச்சரையும் ஏற்றிக்கொண்டு போவோம் என்று வானில் இடம் ஒதுக்கினீர்கள். இரவிரவாக ஓடி, ஹம்பர்க் தாண்டி, விடியற்காலையில் போய் இறங்கினோம். சுவிஸ்காரரும் லண்டன்காரரும் அங்கே வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாலு நாட்டுக்காரர்களாகி, மறுபடி ஒரு கரையில் வட்டமாக இருந்து கட்டுச்சோற்றை அவிழ்த்துச் சாப்பிட்டதைப் பார்க்க ஒரு டீச்சருக்குக் கொடுத்துவைத்திருக்க வேணும். அந்த வார இறுதிக்காக உங்களுக்கு என் மனம் நிறைந்த நன்றி.

சனிக்கிழமை பெரிய பாய்மரக் கப்பல்கள் அணிவகுத்து வெளிக்கடலை நோக்கிப் போனபோது, உங்களில் ஒருவர் சொன்னார்: "நம்மட ஆத்திலயும் இப்பிடி ஒண்டு செய்தா என்ன?" ஆறு என்றது நம்மட வாவியை. நல்ல கேள்வி. கேட்டதும் எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் நான் ஊர் திரும்பி ஒரு மாதம் ஆக முன்னர் வட்ஸ்அப்பில் வந்த திட்டத்தைப் பார்த்தபோது நிமிர்ந்த நெஞ்சு தணிந்துவிட்டது. பாசிக்குடாவிலிருந்து வாடகைக்கு வேகப்படகுகள். வாழைப்பழம் போல ஊதிய ரப்பர் படகு ஒன்று. இரண்டு இரவு இசை நிகழ்ச்சி, ஒலிபெருக்கி, வாணவேடிக்கை, மேலிருந்து படம் பிடிக்க ட்ரோன். வருகிறவர்கள் எல்லாருக்கும் ரீசேர்ட். அந்த ரீசேர்ட்டின் முன்பக்கத்தில் மட்டும் ஒரு பாய் அச்சடிக்கப்பட்டிருந்தது. பாய்மரத் திருவிழா என்று பெயர் வைத்த திட்டத்தில் நான் கண்ட ஒரே பாய் அதுதான்.

நீங்கள் கீலில் பார்த்ததை மறந்துவிட்டீர்கள் என்று சொல்ல மாட்டேன். பார்த்ததில் மேலே மிதந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

அந்த விழா 1882இல் தொடங்கியது. முதல் ஓட்டத்தில் வந்தவை இருபது பாய்ப்படகுகள்தான். பிறகு கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் தன்னுடைய உல்லாசப் படகோடு வந்து சேர, அது பிரபுக்களும் கடற்படை அதிகாரிகளும் தங்கள் பெருமையைக் காட்டுகிற மேடையாகிவிட்டது. 1914 யூன் 28ஆம் திகதி சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டுக் கொன்ற செய்தி கைசருக்கு எட்டியபோது, அவர் கீலில் பாய்ப்படகில்தான் இருந்தார். இரண்டு உலகப் போர்களின்போது விழா நின்றுபோனது. பின்னால் எழுந்த விழா கொஞ்சங்கொஞ்சமாக ஊர்ச் சனத்துடையதானது. இன்றைக்கு இலட்சக்கணக்கில் சனம் வருகிறது. 1936இலும் 1972இலும் ஒலிம்பிக் பாய்ப்படகோட்டம் அந்தத் தண்ணீரில்தான் நடந்தது. பியரும் குப்பையும் சத்தமும் அங்கேயும் உண்டு, அதை நான் புனிதத் தலமாக்கவில்லை. இரவு பத்து மணிக்குப் பிறகு அந்த நடைபாதையில் நடக்க நம்மட கொடியேற்றத் திருவிழா நெரிசலே மேல்.

ஆனால் நீங்கள் உணவுக்கடைகளைச் சுற்றப் போன நேரத்தில், வெயிலுக்கு ஒதுங்கி நான் கரையில் ஓர் இடத்தில் இருந்துவிட்டேனே, அங்கே கண்டதை உங்களுக்குச் சொல்லியே ஆக வேணும். நகரசபை நடத்துகிற பிள்ளைகளின் பாய்ப்படகு முகாம் அது. 2003 முதல் கோடையில் கோடையில் நடக்கிறதாம். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் மிதப்புச் சட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தொட்டி போன்ற குட்டிப் படகுகளில் தனித்தனியே ஏறிப் போகிறார்கள். காற்று ஒரு பக்கம் சாய்த்தது; ஒரு படகு கவிழ்ந்தது. நான் எழும்பி நின்றுவிட்டேன். கரையில் இருந்த தாய்மார் ஒருவரும் எழும்பவில்லை. தண்ணீருக்குள் விழுந்த பெண்பிள்ளை மேலே வந்து, படகின் அடிக்கட்டையைப் பிடித்துத் தொங்கி, அதை நிமிர்த்தி, ஏறி இருந்து, கையால் தண்ணீரை இறைத்து ஊற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள். பயிற்றுநர் பக்கத்தில் இயந்திரப் படகில் நின்று பார்த்தபடியே இருந்தார், தொடவில்லை.

அந்தக் குட்டிப் படகுக்கு ஒப்டிமிஸ்ட் என்று பெயர். 1947இல் அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்ற படகுக்காரர் வரைந்தது. பணக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் இல்லாமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்டவேணும் என்பதற்காக, ஒட்டுப்பலகையில், சாதாரணத் தச்சுவேலை தெரிந்தவர் செய்துவிடக்கூடிய விதமாகவே அதை அமைத்தார். நீளம் இரண்டே கால் மீற்றருக்குக் கொஞ்சம் கூட. இன்றைக்கு உலகம் முழுவதும் பாய் பிடிக்கப் பழகுகிற பிள்ளைகளில் பலர் அதில்தான் தொடங்குகிறார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

மத்தியானம் உங்கள் பிள்ளைகள் கடலில் குளிக்கப் போனார்கள். உங்களில் ஒருவரின் மகள், ஏழு வயதிருக்கும், தன்னுடைய நீச்சலுடையில் தைத்திருந்த சின்னத் துணிச் சின்னத்தை எனக்குக் காட்டினாள். கடற்குதிரைப் படம் போட்ட சின்னம். 25 மீற்றர் நீந்தி, ஓரத்திலிருந்து தண்ணீருக்குள் குதித்து, தோளளவு ஆழத்தில் கிடக்கும் பொருளைக் கையால் எடுத்து வந்தால் கொடுப்பார்களாம். "அம்மம்மா, ஊரிலே மச்சாளுக்கும் இது இருக்கா?" என்று கேட்டாள். அவளுடைய மச்சாள் களுவாஞ்சிக்குடியில் என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறாள். வயது பன்னிரண்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, இரண்டுக்கும் நடுவே ஒரு நடைத் தூரம் அகலமான நிலத்தில் பிறந்தவள். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. அந்தக் குழந்தைக்கு நான் சொல்லாத பதிலைத்தான் இப்போது உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நாம் தண்ணீருக்கு அந்நியர் இல்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில், வாவியின் கிழக்கே எழுவான்கரைக்கும் மேற்கே படுவான்கரைக்கும் நடுவே தோணிகள் ஓயாமல் ஓடின. நெல்லும் விறகும் தயிர்ச்சட்டியும் அந்தக் கரையிலிருந்து வரும். தேங்காயும் கருவாடும் துணிமணியும் இந்தக் கரையிலிருந்து போகும். காற்று வாய்த்தால் சாக்கையோ பழைய சாரத்தையோ கம்பில் கட்டிப் பாயாக்கி, காலை நீட்டிக்கொண்டு வருவார்கள். மண்டூர் முருகனுக்கு ஆவணியில் திருவிழா என்றால் குருமண்வெளித் துறையில் பாதை என்கிற மிதவையில் ஏறத்தான் சனம் குவியும். குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும் அப்படித்தான். மண்முனைத் துறையில் பாலம் திறந்தது 2014இல்தானே, அதுவரை கொக்கட்டிச்சோலைக்கு நேர்த்திக்குப் போனவர்களில் பலர் தண்ணீரைத் தாண்டியே போனார்கள். இவர்கள் எல்லாருக்கும் நீந்தத் தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை. கேட்கத் தேவையில்லாத காலம் அது.

வடக்கே வல்வெட்டித்துறையின் கதை இதைவிடப் பெரியது. அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்க, வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை ஓட்டிக்கொண்டு சூயஸ் தாண்டி, அத்திலாந்திக் தாண்டி, 1938 ஓகஸ்டில் மசாசுசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்ரர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அணிவகுப்பில் போன கப்பல்களைப் பார்த்து வாய் பிளந்து நின்றீர்களே, அவற்றின் சகோதரி ஒன்றை நம்மட ஆட்கள் செய்து, நம்மட ஆட்களே ஓட்டியிருக்கிறார்கள். வெள்ளைக்காரனிடம் பழகிக்கொண்டு வரவேண்டிய வித்தை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்படியானால் நம்மட பிள்ளைகள் ஏன் தண்ணீருக்கு முதுகு காட்டி வளர்ந்தார்கள்? உங்களுக்கும் தெரியும், உங்களில் பாதிப்பேர் அந்தப் பிள்ளைகள்தான். போர்க்காலத்தில் வாவி ஓர் எல்லையாகிவிட்டது. எந்த நேரம் தோணி இறக்கலாம், எந்த நேரம் இறக்கக்கூடாது என்று வேறு யாரோ தீர்மானித்தார்கள். அக்கரையில் வெளிச்சம் தெரிந்தாலும் பயம், இக்கரையில் தெரிந்தாலும் பயம். 2007இல் படுவான்கரைச் சனம் பெட்டி படுக்கையோடு இந்தப் பக்கம் வந்து கூடாரங்களில் கிடந்ததை நீங்கள் சிலர் பார்த்திருப்பீர்கள்; சிலர் அந்தக் கூடாரங்களிலேயே இருந்தீர்கள். அதற்கு முன்னரே 2004 டிசெம்பர் 26 வந்து போய்விட்டது. கல்லாற்றிலிருந்து மருதமுனை, பாண்டிருப்பு, காரைதீவு வரைக்கும் கடல் எடுத்துக்கொண்டு போனவர்களை எண்ணிக்கொண்டிருந்த நாட்களில், ஒவ்வொரு வீட்டிலும் ஒரே சட்டம்தான் போட்டோம்: தண்ணிப் பக்கம் போகாதே. அந்தச் சட்டத்தை நானும் வகுப்பில் சொன்னேன், எல்லா டீச்சர்மாரும் சொன்னார்கள். அப்போது வேறென்ன சொல்ல முடியும்? பிள்ளை இழந்த தாயிடம் போய் இருக்கிற பிள்ளையை நீந்த அனுப்பு என்று சொல்ல எந்த நாக்குக்கு வரும்?

ஆனால் இருபது வருசத்துக்கு மேலாகிவிட்டது. அந்தச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. தண்ணீர் மட்டும் நம்மை விட்டுத் தள்ளிப் போகவில்லை. பிள்ளைகள் களவாகப் போகிறார்கள். ரியூசன் முடிந்து வருகிற வழியில் சைக்கிளைச் சாத்திவிட்டு இறங்குகிறார்கள். யாருக்கும் தெரியாமல் போவதால் யாரும் கூட இருப்பதில்லை. இலங்கையில் வருசாவருசம் நூற்றுக்கணக்கானோர் நீரில் மூழ்கிச் சாகிறார்கள், அதில் நம்மட மாவட்டத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளிக்கூடம் போன பிள்ளைகள். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம். நீந்தத் தெரிந்திருந்தால், உடம்பில் ஒரு மிதப்புச் சட்டை இருந்திருந்தால் என்று அன்றைக்கு நாடே பேசியது. பேச்சு ஒரு கிழமைக்கு இருந்தது.

இங்கே உங்களுடைய ஜேர்மனியின் இன்னொரு கதையைச் சொல்கிறேன். பால்ரிக் கடலில் ருயூகன் என்ற தீவு. அங்கே பின்ஸ் என்ற கடற்கரை ஊர். 1912 யூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீராவிக் கப்பலுக்குக் காத்து நின்ற சனத்தோடு இறங்குதுறைப் பாலத்தின் ஒரு பகுதி உடைந்து விழுந்தது. பிள்ளைகளும் பெரியவர்களும் கரைக்குப் பக்கத்திலேயே மூழ்கினார்கள். அந்தக் காலத்து ஜேர்மனியில் நீந்தத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். மூழ்குகிறவரைத் தூக்கத் தெரிந்தவர்கள் அதிலும் சிலர். கரையில் சனம் நின்று பார்த்தது. அடுத்த வருசம், 1913 ஒக்ரோபரில், ஜேர்மன் உயிர்காப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். இன்றைக்கும் உங்கள் பிள்ளைகள் குளிக்கிற ஏரிகளிலும் கடற்கரைகளிலும் காவல் நிற்பவர்களில் பலர் அந்தச் சங்கத்தின் தொண்டர்கள்தான்.

அவர்களுக்கும் தண்ணீர் பிள்ளைகளைக் கொன்றது. அவர்கள் நீந்தப் பழக்கினார்கள். நாம் வேலி போட்டோம். நம்மட இழப்பு பல நூறு மடங்கு பெரியது, போரும் கூடவே இருந்தது என்பதெல்லாம் உண்மை. ஒப்பிடுவது நியாயமில்லை என்று நீங்கள் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் போர் முடிந்து இத்தனை வருசத்துக்குப் பிறகும் நம்மட பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியாததற்குச் சுனாமியைக் காரணம் சொல்வது இனிச் செல்லாது.

இப்போது உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். நீந்தத் தெரியாத ஆயிரக்கணக்கான பிள்ளைகளை இரண்டு நாளைக்கு வாவிக்கரைக்கு அழைக்கப் போகிறீர்கள். பாட்டுச் சத்தம், வேகப்படகு, இளந்தாரிகளின் கையில் போத்தல். யாருடைய பிள்ளை எந்த மூலையில் இறங்குகிறது என்று யார் பார்ப்பார்கள்? திட்டத்தில் வாணவேடிக்கைக்கு ஒரு வரி இருக்கிறது. உயிர்காப்பாளருக்கு ஒரு வரியும் இல்லை. கீலில் அவ்வளவு கூத்தும் நடக்கலாம். ஏனென்றால் கரையில் நிற்கிற சனத்தில் பெரும்பாலோர் சின்ன வகுப்பிலேயே நீந்தப் பழகியவர்கள்.

வாவியையும் யோசியுங்கள். அது கம்பூன்றித் தோணி விடுகிற ஆழமுள்ள இடம். வேகப்படகின் இயந்திரம் அடிச்சேற்றைக் கிளறும், கட்டியிருக்கிற வலைகளை அறுக்கும். இறாலுக்கும் நண்டுக்கும் விடிய விடியக் கண்விழிக்கிறவர்களுக்கு அந்த இரண்டு நாள் உழைப்பை யார் கொடுப்பது? கண்ணாக் காடுகளை ஒட்டி அலையடித்தால் கரை இடியும். முதலை இருக்கிறதே டீச்சர் என்று உங்களில் ஒருவர் சிரித்துக்கொண்டு எழுதியிருந்தார். இருக்கிறது தம்பி. எந்தப் பக்கம் இருக்கிறது, எந்தக் காலத்தில் எங்கே வரும் என்று வாவியில் தொழில் செய்கிறவர்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருவரிடமாவது நீங்கள் கேட்டீர்களா? திட்டத்தில் அவர்களுடைய பெயரே இல்லை. சொந்த வாவியில் அவர்களைப் பார்வையாளராக நிறுத்திவிட்டு, பாசிக்குடாவிலிருந்து படகு பிடிக்கிறீர்கள். என் மனதில் தைத்தது இதுதான், மற்றதெல்லாம் பேசித் தீர்க்கலாம்.

காற்றைப் பற்றி ஒரு சொல். ஓகஸ்டில் கச்சான் வீசுகிற காலம். மேற்கிலிருந்து, காய்ந்த வயல்களைத் தாண்டி, அனலாக வந்து வாவியில் இறங்கும். உச்சிவெயிலில் பிள்ளைகளை வெளியே விட முடியாது, ஆனால் பாய் பிடிக்க அதைவிட நல்ல காற்று நமக்கு வாய்க்காது. படுவான்கரையிலிருந்து புறப்பட்டால் எழுவான்கரைக்குத் தானாகக் கொண்டுவந்து விடும். திரும்பிப் போவதற்குத்தான் வித்தை வேணும். பழைய தோணிக்காரரில் ஒருசிலருக்கு அந்த வித்தை இன்னும் கையில் இருக்கிறது. அவர்களுக்கு எழுபது வயதுக்கு மேல். அவர்களிடம் பழகாமல் விட்டால் அடுத்த தலைமுறை கணினியில் காணொளி பார்த்துத்தான் கச்சானைப் படிக்க வேண்டிவரும்.

நான் கேட்பது இதுதான்.

சேர்த்த சல்லியை இரண்டு நாளில் கரைக்காமல் மூன்று வருசத்துக்குப் பிரியுங்கள். முதல் வருசம் நீச்சல். சித்திரை வருசம் கழிந்த விடுமுறையிலும் ஓகஸ்ட் விடுமுறையிலும் வகுப்பு வைக்கலாம். மார்கழி வேண்டாம், மாரித் தண்ணீரில் பழக்க முடியாது. தொழில் செய்கிறவர்களைக் கேட்டு, மணற்தரையுள்ள, குப்பை சேராத, ஆழம் குறைந்த ஓர் இடத்தைத் தெரிந்து, கம்பு நட்டுக் கயிறு கட்டி எல்லை போட வேணும். தகுதியுள்ள பயிற்றுநர் வேணும். இலங்கை உயிர்காப்புச் சங்கத்தின் வழியாகத் தேடலாம். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேணும், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெண்பிள்ளைகளை அனுப்பத் தாய்மார் தயங்குவது எதனால் என்று உங்களுக்குத் தெரியும். உடம்பு மூடிய உடுப்போடு, பெண் பயிற்றுநரோடு, அம்மாமார் கரையில் இருக்க நடத்தினால் வருவார்கள். நான் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டு வருகிறேன், அந்த வேலை என்னுடையது.

பெண்பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்கிற அப்பாமாருக்குச் சொல்ல ஒரு பெயர் வைத்திருக்கிறேன். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன். பள்ளிக்கூடக் காலத்தில் ஒரு கோடை முகாமில் பாய்ப்படகு ஏறிய பிள்ளை. ஒலிம்பிக் பாய்ப்படகோட்டத்துக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் என்ற பெயரோடு தோக்கியோ போனார், பிறகு 2024இல் பாரிசுக்கும் போனார். எல்லாப் பிள்ளையும் ஒலிம்பிக் போகாது, போகவும் தேவையில்லை. ஆனால் தமிழ்ப் பெண்ணுக்கும் பாய்க்கும் ஒத்துவராது என்ற கதைக்கு அந்தப் பெயர் போதும்.

நீச்சலோடு சேர்த்து மிதப்புச் சட்டை வாங்குங்கள். ரீசேர்ட்டுக்கு ஒதுக்கிய சல்லியை அப்படியே இதற்குத் திருப்பினால், வாவி தாண்டிப் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று கொடுக்கத் தொடங்கலாம். பெரிய அளவு, சின்ன அளவு பார்த்து வாங்க வேணும். வளர்ந்தவரின் சட்டைக்குள்ளிருந்து சின்னப் பிள்ளை வழுகிப் போய்விடும்.

இரண்டாம் வருசம் படகு. முன்னே சொன்ன ஒப்டிமிஸ்டை அங்கிருந்து கப்பலில் ஏற்றி அனுப்பாதீர்கள். வரைபடத்தை அனுப்புங்கள். நம்மட ஓடாவிமாரும் தச்சரும் செய்து தருவார்கள். கண்ணாடி நார்ப் படகு வந்த பிறகு அவர்கள் கைக்கு வேலை குறைந்துபோய்க் கிடக்கிறது. முதலில் நாலைந்து செய்து பார்ப்போம். பழைய தோணி இரண்டைத் திருத்தி, பாய் கட்டி, தோணிக்காரப் பெரியவர்களையே பயிற்றுநராக வைத்து, அவர்களுக்குச் சம்பளம் கொடுத்துப் பிள்ளைகளுக்குப் பழக்குவோம். பெரியவர்களுக்கு மாலை போட்டு அனுப்புவதை விட மாதச் சம்பளம் மரியாதை.

மூன்றாம் வருசம் திருவிழா வையுங்கள். சித்திரை வருசத்து விளையாட்டுகளில் வழுக்குமரமும் கயிறிழுத்தலும் தோணியோட்டமும் எப்போதும் இருப்பதுதானே. அதோடு பாய்த்தோணி ஓட்டத்தையும் சேர்ப்போம். பட்டிருப்புப் பாலத்தில் சனம் நின்று பார்க்கட்டும். படுவான்கரைப் பிள்ளைகளும் எழுவான்கரைப் பிள்ளைகளும் கலந்து ஒரே தோணியில் ஏறட்டும். அன்றைக்கு இசை நிகழ்ச்சி வைத்தாலும் நான் முன்வரிசையில் வந்து இருப்பேன், வாணவேடிக்கைக்கும் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

கோயிலுக்கும் மைதானத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஏற்கனவே கொடுக்கிறோமே, இன்னும் எவ்வளவுதான் என்று சிலர் அலுத்துக்கொள்வது எனக்குக் கேட்கிறது. உண்மை. குளிரில் எழும்பி, இரண்டு வேலை பார்த்து உழைத்த சல்லி என்று என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஒரு சதமும் கூடக் கேட்கவில்லை. நீங்கள் ஏற்கனவே தருவதாக இருந்ததை வேறு வரிசையில் செலவழிக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான். அரசாங்கம் செய்யவேண்டிய வேலை என்பதும் சரிதான். அதையும் விடாமல் கேட்போம், மனுக்களை எழுதுவது என் பொறுப்பு. ஆனால் மனுவுக்குப் பதில் வரும்வரை பிள்ளைகள் வளராமல் காத்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்று. சல்லியை விட எனக்கு உங்கள் பிள்ளைகள் தேவை. விடுமுறைக்கு வந்தால் குளிரூட்டிய வானில் பாசிக்குடாவுக்கும் அறுகம்குடாவுக்கும் போய் ஹோட்டல் தடாகத்தில் குளித்துவிட்டுத் திரும்புகிறீர்கள். ஒரு கிழமையை எனக்குத் தாருங்கள். கடற்குதிரைச் சின்னம் தைத்த பிள்ளையை இங்குள்ள மச்சாளோடு ஒரே தண்ணீரில், கயிறு கட்டிய எல்லைக்குள், பயிற்றுநரின் கண்முன்னே இறக்கிவிடுங்கள். பத்து வார்த்தை தமிழ் தெரியாமல் வருகிற உங்கள் பிள்ளைக்கும் வெட்கப்பட்டு நிற்கிற நம்மட பிள்ளைக்கும் பேச்சுத் தொடங்க அதைவிட நல்ல இடம் நான் காணவில்லை. நீந்துவதை அவள் சொல்லிக்கொடுப்பாள். தோணியில் கம்பூன்றுவதை இவள் சொல்லிக்கொடுக்கட்டும்; அதையும் இவள் முதலில் பழக வேணும்.

சித்திரை விடுமுறைக்கு முதல் வகுப்புத் தொடங்க வேணுமென்றால், தை மாதத்துக்குள் பயிற்றுநரைப் பேசி முடிக்க வேணும், அதற்கு முன் மீனவர் சங்கத்தோடு இருந்து இடத்தைத் தீர்மானிக்க வேணும். ஆகவே உங்களில் யார் யாருக்கு இது சம்மதம், யாருக்குச் சம்மதமில்லை, சம்மதமில்லையென்றால் ஏன் என்பதைக் கார்த்திகை முடிய முன்னர் எனக்கு எழுதுங்கள். அதுவரை ரீசேர்ட் அடிக்கக் கொடுத்துவிட வேண்டாம்.

உங்கள் டீச்சர்,
களுவாஞ்சிக்குடி